அவருக்கும் மாத்திரை

எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் ஒரே பெயர்தான்: சூடு. கண் எரிந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு. பிள்ளைக்கு மார்க் குறைந்தால்கூட உடம்புச் சூடு என்று சொல்லக்கூடியவர் என் மாமியார். அதனால், காப்பர்-டி போட்டுக்கொண்ட இரண்டு மூன்று வாரத்தில் எனக்கு அடிவயிறு வலித்து வெள்ளைப்பட ஆரம்பித்தபோது, அதுவும் சூடாகவே ஆனது.

இரண்டாவது பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும் நானே கேட்டுப் போட்டுக்கொண்டதுதான் அது. மூன்றாவது தாங்காது என்று எனக்குத் தெரியும்.

காலையில் ஊறவைத்த வெந்தயம், மதியம் மோர், படுக்கும்போது தொப்புளில் விளக்கெண்ணெய். என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். விருந்தினர் விடுதிகளில் வேலை முடித்து வரும்போது, பெரிய மார்க்கெட் பக்கம் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கி வருவார். தானே டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அப்படி யாரும் தாங்கியதில்லை. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் வாடை அடித்தது. அதை எந்த வாயால் சொல்வது? மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு பேக்கிங் வேலை. குனிந்து பெட்டியைத் தூக்கினால் உள்ளே சுருக்கென்று குத்தும். பக்கத்தில் இருப்பவளுக்கு வாடை தெரிந்துவிடுமோ என்று சாப்பாட்டு நேரத்தில் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். ஊமை கண்ட கனவு மாதிரி எல்லாம் எனக்குள்ளேயே கிடந்தது. ஒருநாள் வேலையில் நிற்கும்போதே பல் கிட்டும்படி குளிர் ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்தியதும் அலறிவிட்டேன்.

"இவ்ளோ நாளா என்னம்மா பண்ணிட்டிருந்த?"

"எளநி குடிச்சேன் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. கர்ப்பப்பையில் கிருமி ஏறியிருக்கிறது என்றார். ஊசி போட்டும் ஜுரம் இறங்கவில்லை என்றால் காப்பர்-டியை எடுத்துவிடலாம் என்றார். இறங்கவில்லை. எடுத்தார்கள்.

"இந்தக் கம்பிதான் எல்லாத்துக்கும் காரணம். நான் அப்பவே சொன்னேன்" என்றார் மாமியார். அவர் ஒருபோதும் சொன்னதில்லை. "சனியன் தொலைஞ்சுது, விடு" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கம்பியாலதானே மேடம் வந்துச்சு?"

"காப்பர்-டி தானா கிருமியக் கொண்டு வராதும்மா. உனக்கு முன்னாடியே கீழ கிருமி இருந்திருக்கும். போடும்போது மேல ஏறியிருக்கும். போடறதுக்கு முன்னாடியே பாத்து வைத்தியம் பண்ணியிருக்கணும்." பிறகு, "உன் வீட்டுக்காரருக்கும் மாத்திரை தரேன். அவரு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் சேராதீங்க. சாப்பிடலைன்னா உனக்குத் திரும்பவும் வரும். அப்புறம் வலி போகவே போகாது" என்றார்.

"அவருக்கு ஒண்ணும் இல்லியே மேடம்."

"ஆம்பளைங்களுக்குப் பல சமயம் வெளியில தெரியாது. இந்த மாதிரி வந்தா புருஷனுக்கும் சேத்துக் குடுக்கறது வழக்கம்."

அந்த 'வழக்கம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். கிருமி தானாக நடந்து வந்திருக்காது. நான் போனதெல்லாம் கம்பெனி, வீடு, ரேஷன் கடை. அதற்குமேல் நினைக்கப் பயமாக இருந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நினைத்து என்ன செய்வேன்? பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பழி கம்பியின் மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

ஆனால் மாத்திரையை விட முடியவில்லை.

"கம்பி ஒனக்குத்தான போட்டாங்க? எனக்கு எதுக்கு?" என்று கத்தினார் வீட்டுக்காரர். "ஆம்பளைக்குப் போய் எழுதியிருக்கா பாரு. எல்லாம் கமிஷனு" என்றார் மாமியார். தினமும் வீட்டுக்காரர் சாப்பிடும்போது தண்ணீரோடு மாத்திரை அட்டையையும் பக்கத்தில் வைப்பேன். தட்டை எடுக்கும்போது அட்டை அப்படியே கிடக்கும். நான் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டேன். அடிவயிற்றில் லேசாக இழுத்தால்கூட, பழைய வலியா, திரும்ப வந்துவிட்டதா என்று அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். என் மாத்திரையை நான் விழுங்கலாம், அவருடையதை நான் விழுங்க முடியுமா? அவரை நாலு அறை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. அவரோ அப்போதும் இளநீர் வாங்கி வந்துகொண்டிருந்தார். எத்தனை நாள் இவரைத் தள்ளி வைக்க முடியும் என்றும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். பிள்ளைகள் டிவி முன்னால் இருந்தார்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் மாத்திரை அட்டையோடு அடுப்படிக்கு வந்து நின்றார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் இதச் சாப்பிட்டா நீ என்ன நெனப்ப?"

அப்போதுதான் புரிந்தது. அவர் இத்தனை நாள் பயந்தது மாத்திரைக்கு இல்லை. கேட்பதாக இருந்தால் அந்த நிமிஷம் கேட்டிருக்க வேண்டும். யார், எப்போது, எங்கே. கை மட்டும் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தது.

"ஒண்ணும் நெனக்க மாட்டேங்க. எல்லாருக்கும் குடுக்கறதுதான்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு மாத்திரையை விழுங்கினார்.

அவர் அதைச் சாப்பிட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் அவர் தொண்டையில் இறங்கியபோது, 'எனக்கு எதுக்கு' என்று இன்னும் ஒரு தடவை கத்தியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.