வழிந்த தண்ணீரின் அளவு

ஆஸ்பத்திரித் தையலறையில் வேலை பார்த்தவளை எல்லோரும் ஊசியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த நோயாளிகள் அந்தப் பேரைக் கேட்டதும் கையை இழுத்துக்கொள்வார்கள். அவள் குத்தியதெல்லாம் தலையணை உறைகளைத்தான்.

அவளுடைய அண்ணிக்கு இடது மார்பை எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறி, தபால் அலுவலக வேலைக்குத் திரும்பும்போது உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள, பஞ்சடைத்த சின்னப் பையொன்றைத் தைத்துக் கொடுத்தாள் ஊசியம்மா. மூன்றாம் நாளே அண்ணி அதைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள்.

"என்னடி தச்சிருக்க? கையைத் தூக்கினா கழுத்துக்கே ஏறி வருது. கவுன்டருக்கு வர்றவங்க என் மூஞ்சியைப் பார்க்கவே இல்ல."

அடுத்ததில் மணல் அடைத்தாள். அது இடத்தில் நின்றது. ஆனால் மத்தியானத்துக்குள் தோள்பட்டை இற்றுப்போயிற்று. அண்ணி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். பிறகு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். ஊசியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் அம்மாவிடம் போனாள். "டேப்பு வச்சு அளக்கற உருவமா இது? எடையும் சரியா இருக்கணும். என்ன பண்றது?"

"இன்னொரு பக்கத்து மார்பைத் தண்ணியில முக்குங்க. எவ்வளவு வழியுதோ அதுதான் அளவு. உடம்பு தண்ணியில லேசா மிதக்குமில்ல? அதனால அந்தத் தண்ணியோட எடையைவிடக் கொஞ்சம் கம்மியா வச்சுத் தைங்க." அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குடுவை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, அண்ணி வீட்டுக் குளியலறையில் பெரிய தட்டின் நடுவே கிண்ணத்தை வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினாள் ஊசியம்மா. அண்ணி துண்டைப் போர்த்திக்கொண்டு கதவருகிலேயே நின்றாள்.

"குனிஞ்சா போதும் அண்ணி. நான் கண்ணை மூடிக்கிறேன்."

"கண்ணை மூடிட்டா அளவை யாருடி பார்ப்பா?"

ஊசியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியும் சிரித்தாள். சிரித்த குலுக்கலில் தண்ணீர் தளும்பி, மறுபடி முதலிலிருந்து ஊற்ற வேண்டியதாயிற்று. இந்தத் தடவை அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலது மார்பு முழுக்க முங்கும்படி குனிந்தாள். தட்டில் வழிந்ததைக் குடுவையில் ஊற்றிப் பார்த்தபோது அறுநூற்று இருபது மில்லி. அவ்வளவு தண்ணீர் அறுநூற்று இருபது கிராம் இருக்கும். ஊசியம்மா ஐந்நூற்றுத் தொண்ணூறு என்று குறித்துக்கொண்டாள். நிமிர்ந்த அண்ணியின் கன்னம் ஈரமாக இருந்தது. ஊசியம்மா துண்டை எடுத்து அவள் முதுகில் போர்த்தினாள்.

கண்ணாடி மணி மட்டும் போட்டால் கனம். பிளாஸ்டிக் மணி மட்டும் போட்டால் லேசு. இரண்டையும் கலந்து பையில் அடைத்து, நனையாமல் உறை போட்டு, அதே கிண்ணத்தில் முக்கிப் பார்த்தாள். பிரித்தாள், அடைத்தாள், தராசில் வைத்தாள். நாலாவது தடவைதான் அளவும் எடையும் ஒருசேர வந்தன.

அண்ணி அதை வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள். அலமாரி மேல்தட்டிலிருந்த டப்பாவை எட்டி எடுத்தாள். குனிந்து, தரையில் இல்லாத எதையோ பொறுக்கினாள்.

"என்ன அண்ணி?"

"இருக்கிறதே தெரியல. நாளைக்கு வேலைக்குப் போறேன்."

போனாள். இரண்டு மாதம் கழித்து, அதே சிகிச்சை முடிந்த இன்னொரு பெண்ணைக் கையைப் பிடித்துத் தையலறைக்கு அழைத்துவந்தாள். ஊசியம்மா பழைய படுக்கைவிரிப்பை மூலையில் திரையாகக் கட்டினாள். தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "வாங்கம்மா" என்றாள்.