இரும்புக் கப்பலுக்கு ஒரு திருகாணி

இரண்டு விரல்கள் பித்தளைக் கூண்டைத் திருப்பிப் பார்த்தன. அது அசையவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட இரும்புக் கவசக் கப்பலின் சிறிய மாதிரியில் மேல்தளத்தில் இருந்தது அது. பீரங்கிகள் இருக்கும் அந்த வட்டக் கூண்டு சுழலாவிட்டால், இன்று மாலை சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் திறக்கும் கண்காட்சியில் கப்பலுக்கு இடமில்லை.

"என்னப்பா, எங்கட அகதி அசூல் கேஸ் மாதிரி அசையாமல் நிக்குதோ?" என்றாள் புனிதவதி.

"கொஞ்சம் பேசாமல் இரும்," என்றார் கணவர் குகநாதன். யாழ்ப்பாணத்தில் நகை செய்தவர், 1984இல் அகதியாக இங்கு வந்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறார். ஓய்வு நாட்களெல்லாம் இந்தக் கப்பலுக்கே போயின.

வரைபடத்தை மறுபடி பார்த்தார். உண்மைக் கப்பலில் கூண்டு தளத்து வளையத்தின்மேல் அழுந்திக் கிடக்கும். சுழற்றுமுன் நடுத்தண்டைச் சற்று உயர்த்துவார்கள். அதைத்தான் அவர் விட்டுவிட்டார்.

"இஞ்சாரும், முதல் தூக்கோணும்! பிறகுதான் சுத்தோணும்!"

தோட்டுக்குச் செய்வதுபோல ஒரு திருகாணி செய்து தண்டின் அடியில் பொருத்தித் திருகினார். கூண்டு மயிரிழை அளவு எழுந்தது. விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு சுழன்றது.

"சுத்துது! சுத்துது!" புனிதவதி கைதட்டினாள்.

வாசல் மணி அடித்தது. கண்காட்சி நடத்தும் கெல்லர் வந்திருந்தார். குகநாதன் திருகாணியைத் தொட்டுக் காட்டி, "முதலில் இதைத் திருகுங்கள்," என்று ஜெர்மனில் சொல்லி, கப்பலை அவர் கைகளில் வைத்தார்.