படகுத்துறையில் என் கைக்கு வந்த பிள்ளை

அறுபத்து நாலாம் வருஷம், ஐப்பசி மாதம். கல்யாணமாகி மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி சிங்கப்பூர் வந்து எனக்கு ஒரு வருஷம்கூட நிறையவில்லை. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் ஒற்றை அறை. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. விடிந்ததும் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார்.

அந்த வருஷத்தை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆடியில் ஒரு கலவரம், ஆவணியில் இன்னொன்று. மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் நடுவில் வந்தது என்றார்கள். ஆனால் கர்ஃபியூ எல்லாருக்கும்தானே. ரோட்டில் போலீஸ் வண்டி போகிற சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுவேன். கர்ஃபியூ எடுத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. தேக்கா மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனால்கூட, கடைக்காரர் முகத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்காயைப் பார்ப்பேன். அறைக்குள் இருந்தால் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பேன். உட்கார்ந்தால் மனசு ஓடும், எழுந்தால் கால் ஓடும்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவர் சொன்னார், "நீ நடக்கிற நடையில கீழ மளிகைக்கடைக்காரர் விட்டத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காராம். ஞாயித்துக்கிழமை எங்கயாவது வெளிய போவோம்."

"எங்க?" என்றேன்.

"கூசுத் தீவு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பேரைக் கொஞ்சம் குறுக்கினால் நம் தமிழில் காதில் எப்படி விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரும் சிரித்தார். சீன மொழியில் ஆமை என்று அர்த்தமாம். சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் ஊரே படகு பிடித்து அந்தத் தீவுக்குப் போய்ச் சாமி கும்பிடுமாம். கூட வேலை செய்யும் ஒரு சீனர் சொல்லியிருக்கிறார். "சாமி கும்பிட்ட மாதிரியும் இருக்கும், காத்து வாங்கின மாதிரியும் இருக்கும்" என்றார்.

சிரித்தேனே தவிர, எனக்குப் போக மனசில்லை. கூட்டம் என்றாலே அந்த நாளில் பயம். இருந்தாலும் அந்த அறையிலேயே இன்னொரு ஞாயிறு முழுக்க நடப்பதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. புளிச்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கிளிஃபர்ட் பியர் படகுத்துறையில் ஜனங்கள் எள் போட்டால் விழாத அளவுக்கு நின்றார்கள். எல்லாம் சீனக் குடும்பங்கள். பழக்கூடை, ஊதுபத்திக் கட்டு, வறுத்த கோழி, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருக்கும் அப்பாக்கள். நாங்கள் ஏறிய மோட்டார் படகில் தமிழ் முகம் எங்கள் இரண்டு பேருடையதுதான்.

தீவு சின்னது. கீழே தண்ணீரை ஒட்டிச் சீனக் கோவில், மேலே குன்றில் ஒரு மலாய்ப் பெரியவரின் சமாதி. கோவிலில் ஊதுபத்தி ஏற்றியவர்களே படியேறிப் போய் அங்கேயும் கும்பிட்டார்கள். சமாதியைப் பார்த்துக்கொள்கிற மலாய்க்காரர் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர்களுக்காக வேண்டிக்கொண்டார். ஊருக்குள் நடந்தது எதுவும் கடலைத் தாண்டி வரவில்லை போலிருந்தது. மரத்தடியில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஆமைக்குக் கீரை போட்டுக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் யாரோடும் சேராமல் தனியாகப் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போட்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. மனுஷரால் அப்படி அசையாமல் உட்கார முடியுமா என்று.

நானோ, "போகலாமா, போகலாமா" என்று அவரை அரித்துக்கொண்டே இருந்தேன். புளிச்சாதம்கூட நின்றபடிதான் சாப்பிட்டேன்.

மத்தியானம் தாண்டியிருக்கும். மேற்கே வானம் கறுத்தது. சுமத்திராக் காற்று என்று இங்கே சொல்வார்கள், சொல்லாமல் வரும், வந்தால் கடலையே புரட்டும். படகுக்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். விரித்த பாய்களைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் படகு வந்து நிற்கிற மரப்பாலத்துக்கு ஓடினார்கள்.

படகு ஏறி இறங்கி ஆடியது. அவர் என் கையைப் பிடித்து முதலில் என்னை உள்ளே இறக்கிவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு சீனப் பெண். என் வயசுதான் இருக்கும். முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தை, பக்கத்தில் தள்ளாடி நடக்கும் மாமியார். அந்தக் கிழவிக்கு வழி விட்டு என் வீட்டுக்காரர் ஒதுங்கி நின்றார். அந்தப் பெண் குழந்தையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். கிழவியைப் பிடித்து இறக்க இரண்டு கையும் வேண்டுமே. குழந்தையைப் படகுப் பக்கம் நீட்டினாள். நீட்டிய இடத்தில் இருந்தது என் கை. என் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. கொடுத்துவிட்டுக் கிழவி பக்கம் திரும்பினாள்.

அப்போது ஒரு பெரிய அலை. படகு பாலத்தில் மோதப் போனது. படகுக்காரர் கயிற்றை எடுத்துவிட்டார், மோட்டார் சத்தம் போட்டது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நடுவில் தண்ணீர். பாலத்தில் அவள் வாய் திறந்திருந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். மழை வந்து இருவரையும் மறைத்துவிட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று தமிழில் கத்தினேன். யாருக்குப் புரியும்? திரும்பவும் முடியாத கடல் அது. படகுக்காரர் என் பக்கம்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் உள்ளே அடித்தது. பெண்கள் தங்கள் சாமியைக் கூப்பிட்டார்கள், நான் மாரியம்மனைக் கூப்பிட்டேன். குழந்தையை முந்தானையால் சுற்றி மார்போடு இறுக்கிக்கொண்டேன். ஆறு மாதம் இருக்கும். அதற்குமுன் கைக்குழந்தையை நான் தூக்கியதே அபூர்வம். எப்படிப் பிடித்தால் வலிக்காது என்றுகூடத் தெரியாது.

எதிரே கறுப்புக் கால்சட்டை போட்ட, நடுத்தர வயசுச் சீனப் பெண்மணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். குழந்தை என்னிடம் எப்படி வந்தது என்பதை அவள் பார்க்கவில்லை போலிருக்கிறது. குழந்தையின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். சீனத்தில் அதட்டி ஏதோ கேட்டாள். நான் தீவுப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் எழுந்து வந்து குழந்தையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை.

ஏன் விடவில்லை என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். கொடுத்திருந்தால் என் பாரம் குறைந்திருக்கும். எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன உறவு? ஆனால் இந்தப் பெண்மணிக்கும் ஒன்றும் இல்லையே. பெற்றவள் என் கையில் கொடுத்தாள். அவள் வந்து கேட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும். அது மட்டும்தான் அந்த நேரத்தில் தோன்றியது.

கரை வந்தது. இறங்கியதும் அந்தப் பெண்மணி நேராகப் போய் ஒரு மலாய்ப் போலீஸ்காரரைக் கூட்டி வந்தாள். பின்னாலேயே கூட்டம். குழந்தை வீறிட்டு அழுதது. நனைந்த புடவையோடு ஒரு தமிழ்ப் பெண், கையில் சீனக் குழந்தை. யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்?

"அனாக் சியாப்பா?" என்றார் போலீஸ்காரர். யார் குழந்தை என்று கேட்கிறார் என்பது புரிந்தது. பதில் சொல்ல எனக்கு மலாய் போதாது. மார்க்கெட்டில் கற்றுக்கொண்ட நாலைந்து வார்த்தைதான். அதில் ஒன்று 'துங்கு', காத்திரு என்று அர்த்தம். "துங்கு, துங்கு" என்று கடலைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவர் ஸ்டேஷன் இருக்கும் பக்கம் கையைக் காட்டி என்னை நடக்கச் சொன்னார். போனால் அந்தத் தாய் வந்து எங்கே தேடுவாள்? என் வீட்டுக்காரர்தான் எங்கே தேடுவார்? நான் அங்கேயே ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தூக்கினால் தூக்கட்டும் என்று.

கூட்டம் நெருங்கியது. பின்னாலிருந்து ஆண்கள் குரல் உயர்ந்தது. யாரோ யாரையோ தள்ளினார்கள். சீனக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர், தரையில் நான். அந்த மாதத்தில் ஒரு கூட்டம் எதிலிருந்து எதுவாக மாறும் என்று யாருக்கும் தெரியாது. நான் குழந்தையின் மேல் குனிந்து மூடிக்கொண்டேன். போலீஸ்காரருக்கும் பயம் இருந்திருக்கும், சின்ன வயசுதான். ஆனால் அவர் என்னைத் தொடவில்லை. ஒரு நிமிஷம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "துங்கு" என்றார் அவரும். மெதுவாகத்தான் சொன்னார்.

அவர் அப்படி நின்றதும் பாதிப் பேர் கலைந்தார்கள். மழைக்கு யார் நிற்பார்கள்?

கறுப்புக் கால்சட்டைக்காரி மட்டும் போகவில்லை. கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு எங்கோ போனாள். வரும்போது கையில் ஒரு கோப்பை, டப்பாப் பால் கரைத்த வெந்நீர். என் எதிரில் குந்தி உட்கார்ந்து, விரலை அதில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். சப்பியது. மறுபடி வைத்தாள். அழுகை விம்மலாகி, விம்மலும் நின்றது. இந்தத் தடவை அவள் குழந்தையை இழுக்கவில்லை. என் கை மரத்துப்போனதைப் பார்த்து, தன் துணிப்பையை என் முழங்கைக்குக் கீழே முட்டுக் கொடுத்தாள்.

அப்படியே காத்திருந்தோம். எனக்கு அவள் பேச்சு தெரியாது, அவளுக்கு என் பேச்சு தெரியாது. எங்கிருந்தோ வருகிற ஒவ்வொரு படகுக்கும் அவளும் நானும் போலீஸ்காரரும் நிமிர்ந்தோம். காற்று அடங்குகிற வரைக்கும் தீவிலிருந்து படகே கிளம்பவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? பாலத்தில் கூட்டம் இடித்துத் தள்ளி என் வீட்டுக்காரர் தண்ணீரில் விழுந்திருந்தால் என்று ஒரு நினைப்பு. அந்தப் பெண் வராமலே போய்விட்டால் என்று இன்னொன்று. இரண்டும் மாறி மாறி வந்தன. எழுந்து நடந்தால் தேவலை போலிருந்தது. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் அசையவில்லை.

கடைசியில் ஒரு படகு வந்தது. முதலில் தெரிந்தது என் வீட்டுக்காரர். அவருடைய சட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தப் பெண். பின்னால் கிழவி.

அவர் பிறகு சொன்னார். படகு போனதும் அவள் கடலில் குதிக்கப் போயிருக்கிறாள். இவர் பிடித்து நிறுத்தி, தனக்குத் தெரிந்த மலாயில், "அது என் பெண்டாட்டி. உன் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. பிள்ளை உன் கைக்கு வர்ற வரைக்கும் நான் உன் கூடவே இருக்கேன்" என்றிருக்கிறார். அப்போது பிடித்த சட்டையை அவள் வழி முழுக்க விடவில்லையாம். தையல் விட்டு, தோளில் கிழிந்து தொங்கியது.

என்னைக் கண்டதும் அவள் சட்டையை விட்டாள். ஓடி வந்து குழந்தையை வாங்கி, தலை, கை, கால் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். கிழவி என்னைப் பார்த்து ஏதோ கோபமாகச் சொன்னாள். உடனே கறுப்புக் கால்சட்டைக்காரி எழுந்து நின்று நீளமாகப் பேசினாள். என்னைக் காட்டினாள், தரையைக் காட்டினாள், போலீஸ்காரரைக் காட்டினாள், தன் நெஞ்சில் தட்டிக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிழவி பேச்சை நிறுத்திவிட்டாள்.

அந்தப் பெண் அப்போதுதான் என் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, என் தோளில் சாய்ந்துகொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அவள் உடம்பு நடுங்கியது. நானும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். எந்த நடுக்கம் யாருடையது என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரரும் போலீஸ்காரரும் நாகரிகமாகத் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றார்கள்.

பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மழை விட்டதும் அவரவர் பஸ் பிடித்துப் போய்விட்டோம். பஸ்ஸில் அவர், "இனிமே உன்னை வெளிய கூப்பிட மாட்டேன்லா" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க போறோம்?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும். ஆணா, பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஊரில் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பயந்துகொண்டிருந்த மாதத்தில் நடந்ததால்தானோ என்னவோ, அது என்னை விடவே இல்லை. இன்றைக்கும் பஸ்ஸிலோ ரயிலிலோ யாராவது இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாகத் தடுமாறி ஏறினால், என் கை முதலில் நீண்டுவிடுகிறது. கொடுப்பது யார் என்று அப்புறம்தான் பார்க்கிறேன்.