அம்மாவின் நெட்டையன்

மெல்பேணிலிருந்து அம்மா பேசி அனுப்பும் கசெற்களில் அவரின் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருக்கும். முதல் கசெற்றைக் கேட்டபோது அண்ணையின் வீட்டு வாசலில் ஏதோ கலவரம் என்று பயந்தே போனேன். கலவரத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்கள் நாங்கள். கூட்டம் கத்தினால் வேறென்ன நினைப்போம்? பிறகுதான் விளங்கியது, அண்ணை ரிவியில் புட்போல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ரெக்கோடரின் பொத்தானை அமத்திக் கொடுக்க அவர் வீட்டில் நிற்க வேண்டும். அவர் வீட்டில் நிற்கும் ஒரே நேரம் சனிக்கிழமைப் பின்னேரம்.

அது எண்பதுகளின் கடைசி. நானும் கணவரும் லண்டனில், டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் எனக்கு வேலை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராததால் இந்த நாட்டை விட்டு அசைய முடியாது. அம்மாவோடு ரெலிபோனில் பேசினால் நான் அழுது முடிவதற்குள் நேரம் போய்விடும். அதனால்தான் கசெற். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அம்மாவின் குரலைக் கேட்பேன். யார் யாருக்குக் கலியாணம், யாருக்குச் சலரோகம் என்று சொல்லிக்கொண்டே வருவார்.

மூன்றாவதோ நான்காவதோ கசெற்றில் திடீரென்று பேச்சு நின்றது. பின்னால் கூட்டம் ஓவென்று கத்தியது.

"ஐயோ பிள்ளை, இஞ்சை ஒருத்தன் மற்றவன்ரை தோளிலை முழங்காலை வைச்சு ஏறிப் பந்தைப் பிடிச்சுப்போட்டான். நெட்டையன். காத்திலை நிக்கிறான் பிள்ளை, கீழை வாறானில்லை!"

அன்றிலிருந்து அவன் எங்களுக்கு நெட்டையன்தான். அவனுடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியும். அம்மாவின் வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை.

தம்பியைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. எங்கள் வீட்டில் கடைசிப் பிள்ளை அவன். பத்தொன்பது வயது. வொலிபோல் என்றால் பைத்தியம். வலைக்கு மேலே அரைவாசி உடம்பு தெரிகிற மாதிரித் துள்ளுவான். ஒரு பின்னேரம் விளையாட்டுத் திடலை ஆமி சுற்றிவளைத்து, நின்ற பெடியள் எல்லோரையும் லொறியில் ஏற்றியது. பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். தம்பி வரவில்லை. அண்ணை ஒவ்வொரு முகாம் வாசலிலும் போய் நின்றார். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். அண்ணை மெல்பேணுக்குக் கூப்பிட்டபோது, தம்பி வந்தால் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதென்று அம்மா வெகுகாலம் மறுத்தார். பக்கத்து வீட்டாரிடம் வாசல் பூட்டின் திறப்பைக் கொடுத்து, தம்பி வந்தால் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

நெட்டையனை நானும் ஒருநாள் பார்த்தேன். இங்கே ஒரு ரிவி சனல், வேறு எதுவும் கிடைக்காத வேளைகளில் அந்த அவுஸ்திரேலிய விளையாட்டைப் போட்டு நேரத்தை ஒப்பேற்றும். நீள்வட்ட மைதானம், முட்டை மாதிரிப் பந்து, கையில்லாத பனியன். காலால் உதைக்கிறார்கள், கையால் குத்துகிறார்கள், இடைக்கிடை ஆளையும் குத்துகிறார்கள். கம்பங்களுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒருவர் நின்று கொடி அசைக்கிறார். அவரை அம்மா முதலில் டொக்டர் என்று நினைத்தாராம். அந்த அமளிக்குள் மெலிந்த நெடுவல் ஒன்று ஓடி வந்து எழும்பியது. கைகள் இரண்டும் மேலே, விரல்கள் விரிந்து. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். முகத்தில் ஒரு சாயலும் இல்லை. அவன் வெள்ளைக்காரன், செம்பட்டைத் தலை. ஆனால் அந்த எழும்பல் தம்பியுடையது. அன்று கறி கருகியதற்குக் கணவரிடம் காரணம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கசெற்களில் கலியாணமும் சலரோகமும் குறைந்துவிட்டன. நெட்டையனை இந்தக் கிழமை விளையாட விடவில்லை. நெட்டையனுக்கு மூக்கில் அடி. நெட்டையன் தலைமயிரை ஒட்ட வெட்டிப்போட்டான், வடிவில்லை. ஒருமுறை துள்ளி இறங்கும்போது முழங்கால் திருகிச் சவ்வு அறுந்து, அந்த ஆண்டு முழுவதும் அவன் விளையாடவில்லை. அந்த மாதங்களில் வந்த கசெற்களில் அம்மாவின் குரலில் உயிரே இல்லை. அண்ணை மட்சைப் போட்டாலும் அம்மா குசினிக்குள் போய்விடுவாராம்.

அடுத்த ஆண்டு அவன் திரும்பி வந்தான். அதே ஆண்டு ஒக்ரோபரில் கண்காட்சி மட்ச் ஒன்றுக்கு அவனுடைய அணி லண்டனுக்கு வரப்போவதாக அம்மா கசெற்றில் சொன்னார். "விம்பிள்டன் பிள்ளையாருக்கு அவன்ரை முழங்காலுக்கு ஒரு அருச்சனை செய். விபூதியைக் கொண்டுபோய் அவன்ரை கையிலை குடு."

அருச்சனை என்றால் ஐயர் நட்சத்திரம் கேட்பார். வெள்ளைக்காரனுக்கு நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவது? காசைப் பாராமல் மெல்பேணுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"என்ன நட்சத்திரம் எண்டு சொல்லுறது அம்மா?"

"அனுஷம்," என்றார் அம்மா, யோசிக்கவே இல்லை.

அனுஷம் தம்பியின் நட்சத்திரம். எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலில் ஐயர் பெயர் கேட்டார். தம்பியின் பெயரையே சொன்னேன். நெட்டையனின் பெயர் ஐயரின் வாயில் நுழையாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

மட்ச் கெனிங்டன் பக்கம் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் நடந்தது. லண்டனில் இருந்த அவுஸ்திரேலியர் எல்லோரும் பியர்க் கோப்பையோடு அங்கேதான் நின்றார்கள். சேலைக்கு மேல் குளிர்கோட்டுப் போட்டுக்கொண்டு, விபூதிப் பொட்டலத்தைப் பொத்திப் பிடித்தபடி, வேலியோரம் நான் ஒருத்தி. விளையாட்டுத் தொடங்குமுன் அவர்கள் உடம்பைச் சூடாக்க ஓடினார்கள். நெட்டையன் எனக்கு நேரே வந்துவிட்டான். என்ன சொல்லிக் கூப்பிடுவது? யோசிக்குமுன் வாயில் வந்துவிட்டது.

"தம்பி!"

அவன் திரும்பினான். அதற்கு அர்த்தம் இல்லையென்று தெரியும். ஒரு பெண் கத்தினால் யாரும் திரும்புவார்கள். ஆனால் எத்தனையோ ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி ஒருவன் திரும்பிப் பார்த்ததில்லை.

கிட்ட வந்தான். கடவுளிடமிருந்து, முழங்காலுக்கு, என் அம்மா மெல்பேணில் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் துண்டு துண்டாகச் சொல்லிப் பொட்டலத்தை நீட்டினேன். அவன் பிரித்துப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு முழுவதையும் உள்ளங்கையில் கொட்டி, இரண்டு கைகளிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு ஓடிப்போனான். பந்து வழுக்காமல் இருக்கப் பூசும் மா என்று நினைத்துவிட்டான்! பிள்ளையாரே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு அவன் கைக்கு வந்த பந்து ஒன்றும் நழுவவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"கையிலையோ பூசினவன்?" என்று அம்மா ரெலிபோனில் கேட்டுக் கொஞ்சம் யோசித்தார். "சரி, பரவாயில்லை. பந்து பிடிக்கிறது கைதானே." பிறகு குரலைத் தணித்து, "கிட்டப் பாத்தனியெல்லோ? மெலிஞ்சே போனான்?"

"கொஞ்சம் மெலிவுதான் அம்மா. ஆனால் சுகமாய் இருக்கிறான்."

"சாப்பிடுவானோ தெரியாது," என்றார் அம்மா.

அண்ணைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முகாம் முகாமாக அலைந்தவர் அவர்தான், நானில்லை. தம்பி உயிரோடு இல்லை என்று அவர் மனம் எப்போதோ முடிவெடுத்துவிட்டது. அவனுக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் இறைக்காமல் இருக்கிறோமே என்பதுதான் அவருடைய கவலை. கோயிலில் ஒரு மோட்ச அருச்சனையாவது செய்ய வேண்டும் என்பார். மோட்ச அருச்சனை செத்தவர்களுக்குச் செய்வது. அம்மா சம்மதித்தால் ஒழியச் செய்ய முடியாது. அம்மாவோ பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. அதற்குள் கைக்குழந்தைகள் இரண்டு. மெல்பேணுக்குப் போகலாம் போகலாம் என்று ஆண்டுகள் போயின. கசெற் நின்று ரெலிபோன் ஆகிவிட்டது. நெட்டையனுக்கும் வயது ஏறியது. முன்தலை வெளித்தது, எழும்புவது குறைந்தது. அவனோடு சேர்ந்து அம்மா தம்பியையும் மெல்ல மெல்ல முப்பது வயதாக்கிக்கொண்டு வந்தார். தம்பிக்கும் இப்போது தலை வெளித்திருக்கும் என்று ஒருநாள் தானாகவே சொன்னார். அந்த ஆண்டோடு விளையாட்டை விடுகிறேன் என்று நெட்டையன் அறிவித்ததும் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"இவன் முடிக்கட்டும். முடிய நான் அம்மாவோடை கதைக்கிறன். நீ குறுக்கை நிக்காதை."

நான் ஓம் என்றேன். சொல்லிவிட்டு அன்று முழுவதும் ஒன்றிலும் கை ஓடவில்லை. அம்மா சம்மதித்துவிட்டால் தம்பி செத்துவிடுவான். எனக்கு அப்படித்தான் இருந்தது.

கடைசி மட்சை அண்ணை வீடியோவில் எடுத்து அனுப்பினார். முடிவில் அணிப் பெடியள் இரண்டு பேர் நெட்டையனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிரணி இரண்டு பக்கமும் நின்று கைதட்டியது. அங்கே அதுதான் வழக்கமாம். அந்த இடத்தில் அம்மா குரலெடுத்து அழுததாக அண்ணை சொன்னார். தம்பி போனதிலிருந்து அம்மா யார் முன்னாலும் அழுததில்லை.

"தோளிலை கொண்டுபோகினம், பார் எண்டு சொல்லித்தான் அழுதவ," என்றார் அண்ணை. அவருடைய குரலும் சரியாக இல்லை. "நான் கேட்டுப்போட்டன். பங்குனி வரட்டும் எண்டு சொல்லியிருக்கிறா. மாட்டன் எண்டு சொல்லேல்லை."

பங்குனி வரையும் நான் விம்பிள்டன் பக்கம் போகவில்லை. போனால் மோட்ச அருச்சனைக்கு என்ன செய்ய வேண்டுமென்று ஐயரிடம் விசாரிக்க வேண்டி வரும்.

பங்குனியில் ஒரு ஞாயிறு காலை அம்மாவே எடுத்தார். அம்மாவுக்கு நம்பர் அமத்தத் தெரியாது. பேரப்பிள்ளையைக் கொண்டு அமத்தியிருந்தார். நான் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"பிள்ளை, கேக்குதே? நெட்டையன்ரை நம்பரை ஒரு புதுப் பெடியனுக்குக் குடுத்திருக்கினம். அதே பனியன். நேற்றைக்குத்தான் இந்த வருஷத்து முதல் மட்ச்."

"ஓம் அம்மா."

"நல்லாத் துள்ளுறான். ஆனால் சின்னன், பாவம். எல்லாரும் போட்டு இடிக்கிறாங்கள்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பத்தொன்பது வயதாம்."

நான் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கோயிலுக்குப் போய் ஒரு அருச்சனை செய்துவிடு, என்ன?"

அண்ணைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அன்று மத்தியானம் விம்பிள்டனுக்கு ரெயின் எடுத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, ஆருக்கு அம்மா என்று கேட்டார்.

"தம்பிக்கு," என்றேன். "அனுஷம்."