குளத்தில் யார் ஒதுங்குவது

சங்கரன்கோவில்காரி என்று சொன்னால், படகு ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கடலோடு எங்களுக்கு உள்ள பழக்கம் கருவாட்டோடு சரி. அப்படிப்பட்ட ஊரில், என் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதை இரண்டு படகுகள் முடிவு செய்தன. அவற்றைப் படகு என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்காகத்தான்.

பெண் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் குறிக்க மாப்பிள்ளையின் அப்பா கரிவலம்வந்தநல்லூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டார். வீட்டை ஒட்டி எங்கள் விசைத்தறிக் கூடம். தறி ஓடும்போது வாசலில் வெடி போட்டாலும் உள்ளே கேட்காது. அப்பா உள்ளே அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். அம்மா மாவு திரிக்கப் போயிருந்தாள். நான் மொட்டை மாடியில், வந்தவருடைய மகனோடுதான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தவர், வாங்க என்று சொல்ல ஒரு ஆள் வரவில்லை என்று வாங்கிவந்த பழப்பையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

"தெருவுல நிக்க வச்ச வீட்டுலயா பொண்ணெடுக்கச் சொல்லுதீய" என்று அவர் கேட்டதாகத் தரகர் வந்து சொன்னார். அப்பாவாவது தணிந்து போயிருக்கலாம். "நாலு எட்டு உள்ள வந்து எட்டிப் பாத்திருந்தா அவரு கிரீடம் எறங்கிருமாக்கும்" என்று அதே தரகரிடம் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எனக்கோ அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துக் கொண்டுவரும் படகில் அவருக்கு வேலை. இந்த இரண்டு பெரிய மனுஷர்களின் வீம்பில் அவர் எனக்கு இல்லாமல் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் தினமும் பேசிக்கொண்டிருந்தோம், அது வேறு விஷயம்.

இப்படி இருக்கையில் மழை பிடித்தது. ஐப்பசியில் ஆரம்பித்தது கார்த்திகை முழுக்க விடவில்லை. கரிவலம் போகிற வழியில் உள்ள குளம், பல வருஷமாகப் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிய குளம், கரை முட்டி நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகால் கல்லைத் தாண்டிக் கீழே சாடிப் போனது. ஊரே பார்க்கப் போனது. கரையில் பஜ்ஜிக் கடை வந்தது, பனங்கிழங்கு வந்தது, பஞ்சுமிட்டாய்க்காரர்கூட வந்துவிட்டார். ஆளாளுக்கு லாரி டியூப்பிலும் வாழைத் தண்டிலும் மிதக்க ஆரம்பித்தார்கள். தண்ணீரைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிறுக்குப் பிடிக்கும் என்று அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கிறுக்கில் முதல் ஆள் என் அப்பா. மழையில் கஞ்சி போட்ட பாவு நூல் காயாது, பாவு காயாவிட்டால் தறிக்கு வேலையில்லை. வீட்டில் சும்மா இருந்து அம்மாவிடம் திட்டு வாங்குவதற்குப் பதில், சாயம் வருகிற நீல பிளாஸ்டிக் டிரம்களை மூங்கிலில் கட்டி ஒரு தெப்பம் செய்தார். நடுவில் ஒரு கம்பு நட்டு, சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்து விற்காமல் கிடந்த கத்தரிப்பூ நிறச் சேலைத் துணியைப் பாயாகக் கட்டினார். பாயின் கயிற்றைப் பிடிக்கிற வேலை எனக்கு. வாடைக் காற்று அடித்தால் தெப்பம் கிளம்பிவிடும், காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போவோம். திரும்பி வர மூங்கில் கழியை ஊன்றித் தள்ள வேண்டும். முதல் நாள் துணி புடைத்து, காலடியில் டிரம்கள் சலசலவென்று நகர்ந்தபோது நான் போட்ட கூச்சலில் கரையில் இருந்த ஒரு ஆடு மிரண்டு ஓடியது.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எதிர்க்கரையில் வயல். அதற்குப் போகும் வண்டிப்பாதை தண்ணீருக்கடியில் போய்விட்டது. அவரும் டிரம் கட்டினார். ஆனால் பம்புசெட் வைத்திருக்கிற மனுஷர் எதற்குக் கழி ஊன்ற வேண்டும்? வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் சின்ன பெட்ரோல் என்ஜினைத் தெப்பத்தின் மேலேயே வைத்தார். உறிஞ்சுகிற குழாயைக் குளத்தில் விட்டார், தண்ணீர் கொட்டுகிற குழாயைப் பின்பக்கம் நீட்டினார். தண்ணீர் பின்னால் பீய்ச்சி அடிக்க அடிக்க, தெப்பம் முன்னால் போனது. குழாயை இந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம் வளையும். குளத்தின் நடுவே ஒரு நீரூற்றை வாலாகக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டும் முகத்தில் முறைப்புமாக அவர் போவதைப் பார்க்க நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் கரைக்குப் போவேன்.

இரண்டு தெப்பமும் ஒரு சாயங்காலம் எதிரெதிரே வந்தன. ரோட்டில் பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி ஒதுங்கும், என்ஜின் வண்டிக்கு மாட்டு வண்டி ஒதுங்கும். அவர் அந்தக் கணக்கில் நேராக வந்தார். எங்கள் தெப்பமோ காற்று சொன்னபடி கேட்கிறது, அப்பா சொன்னபடி அல்ல. உரசாமல் தப்பித்தோம். ஆனால் அவர் கடந்துபோனபோது பின்னால் பீய்ச்சிய தண்ணீர் எங்கள் பாயையும் எங்களையும் முழுக்க நனைத்துவிட்டது. அவர் திரும்பியே பார்க்கவில்லை. கரையில் இருந்தவர்கள் எல்லாரும் அதை மொபைலில் எடுத்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அது கரிவலம் வரைக்கும் போயிருந்தது.

"வேணும்னே அடிச்சிருக்காரு" என்றார் அப்பா, தலையைத் துவட்டிக்கொண்டே. என் கல்யாணத்தின் கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாடிக்குப் போய் தூத்துக்குடிக்குப் போன் போட்டு அழுதேன். நடந்ததை நான் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைக்கப் போனேன்.

"வச்சிராத. தண்ணியில அப்படி இல்லட்டி" என்றார். "பாய் கட்டுனவன் காத்தை நம்பிப் போறான். அவனால நெனச்ச எடத்துல நிக்க முடியாது, திரும்ப முடியாது. என்ஜின் வச்சிருக்கவன்தான் ஒதுங்கிப் போணும். கப்பல்காரன் எல்லாருக்கும் அதான் முறை. அப்பாகிட்ட நான் சொல்லுதேன்."

சொல்லவும் செய்தார். நேர்மையான மனுஷர் அவருடைய அப்பா. இப்படி ஒரு முறை இருக்கிறது என்று தெரிந்ததும், தெரியாமல் செய்துவிட்டோமே என்று அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அடுத்த முறை பாயைக் கண்டால் ஒதுங்கிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார். இது பிறகு தெரிந்தது.

அதே நேரத்தில் எங்கள் வீட்டில் அம்மா அப்பாவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "பொண்ணைப் பெத்தவுக நாமதான் ஒதுங்கணும். அவுக வாராகன்னா நீங்க வழிய விடுங்க. குளத்துல போய் என்னத்துக்குக் கெத்து" என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிக் கூடத்துக்குப் போனார். அம்மாவிடமிருந்து இப்படி எழுந்து போனால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் திருவிழாக் கூட்டம். சனங்களுக்கு விஷயம் தெரியும். இரண்டாம் ஆட்டம் பார்க்க இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பாயை விரித்துக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எதிரே நீரூற்று எழும்பியது. என் நெஞ்சு அடித்த அடியில் தறிச் சத்தமே தோற்றுப்போகும்.

அப்பா கழியை ஊன்றித் தெப்பத்தைக் கரைப்பக்கம் ஒதுக்கினார். அவரும் குழாயைத் திருப்பிக் கரைப்பக்கம் ஒதுங்கினார். நேருக்கு நேர். அப்பா அவசரமாக மறுபக்கம் தள்ளினார். அவரும் அதே அவசரத்தில் மறுபக்கம் வந்தார். மறுபடியும் நேருக்கு நேர். சந்து முனையில் எதிர்ப்பட்ட இரண்டு பேர் இப்படியும் அப்படியுமாக நெளிவார்களே, அதைக் குளத்தின் நடுவில் இரண்டு பெரிய மனுஷர்கள் செய்தார்கள். கரையில் சிரிப்பு வெடித்தது. மாப்பிள்ளையின் அப்பா பதறிப்போய் என்ஜினை அணைத்தார். டிரம்மும் டிரம்மும் மோதிக்கொண்டன. எங்கள் கத்தரிப்பூச் சேலை அவர் தலைமேல் போர்த்திக்கொண்டது.

அவர் சேலையை விலக்கி முகத்தை வெளியே எடுத்தார். "நீங்க போங்க. பாய் கட்டுனவுகதான் மொதல்ல போணும். அதான் முறை" என்றார்.

"அதெப்படி. வயசுல மூத்தவுக நீங்க. நீங்க போன பொறவுதான் நான் போவேன்" என்றார் அப்பா.

"இல்ல இல்ல, என் மேலதான் தப்பு. நீங்க போங்க."

"ஒங்களைத் தாண்டி நான் போவேனா? நல்லாருக்கே."

இத்தனை நாளாகப் பேசாதவர்கள் பேசிக்கொள்கிறார்களே என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. கொஞ்ச நேரம்தான். இவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பிணைந்து கிடந்த இரண்டு தெப்பத்தையும் காற்று மறுகாலை நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. கரையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கையை வீசினார்கள். தண்ணீர் கல்லில் விழுகிற இரைச்சல் எனக்குக் கேட்டது. அவர்களுக்குக் கேட்கவில்லை. அப்பா இன்னும் "நீங்க போங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்.

"மாமா, மொதல்ல என்ஜினைப் போடுங்க. அப்பா, நீங்க பாயைச் சுருட்டிட்டு உக்காருங்க. யாரு முன்ன யாரு பின்னன்னு கரையில போய்ப் பேசிக்கிடலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை, அசல். என்னை மருமகளாக ஏற்றுக்கொண்டால்தான் எனக்கு மாமா. நாளே குறிக்காத கல்யாணத்துக்கு ஊர் கூடியிருக்கிற இடத்தில் நானாகவே முறை கொண்டாடிவிட்டேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குக் காது சுட்டது. அப்படியே குளத்தில் குதித்துவிடலாம் என்றிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா என்னையே பார்த்தார். அப்புறம் குனிந்து என்ஜின் கயிற்றைப் பிடித்தார்.

"இந்தா போடுதேன் மக்கா. நீ கம்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார்.

முதல் இழுப்பில் இருமியது. அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. எங்கள் பாய்க்கயிற்றைத் தன் தெப்பத்தில் முடிந்து, எங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு மறுகாலிலிருந்து விலகினார். இழுக்கிறவர் முன்னால், நாங்கள் பின்னால், நடுவில் குழாய். அது பீய்ச்சிய தண்ணீர் முழுவதும் வளைந்து வந்து அப்பாவின் மேல் கொட்டியது. அப்பா வாயைத் திறந்தால் தண்ணீர், மூடினால் மூச்சு முட்டல். மறுகால் இரைச்சல் தூரத்தில் தேய்கிற வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

"சம்பந்தி" என்று கூப்பிட்டார் அப்பா. "கொழாயைக் கொஞ்சம் அங்கன திருப்பிக்கிடுங்க."

அவர் உடனே மரியாதையாகத் திருப்பினார். தெப்பங்கள் இரண்டும் வட்டமடிக்க ஆரம்பித்தன. கரையும் கூட்டமும் பஜ்ஜிக் கடையும் என்னைச் சுற்றி ஓடின. நான் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், எது எது என்று தெரியவில்லை. அப்பாவும் சிரித்தார். முன்னால் துண்டு குலுங்கியதைப் பார்த்தால் மாமாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தோம். நிறுத்துங்கள் என்று மூன்று பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.