அக்கா பெயரில் ஒட்டிய வால்

எங்கள் குடும்பப் பெயர் ஜகந்நாதன். இதற்குப் பூர்வீகம், பரம்பரை என்று ஒரு மண்ணும் கிடையாது. என் அக்கா ஹம்சாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, டெல்லிப் பள்ளிக் குமாஸ்தா "சர்நேம்?" என்று கேட்டார். அப்பா பெருமையாகத் தன் பெயரையே சொன்னார். நம்மவர்களுக்கு அப்பா பெயர் வெறும் இனிஷியல். அடுத்த தலைமுறையில் தானே உதிர்ந்துவிடும். டெல்லியில் அது வால். ஒட்டினால் விடாது.

அந்த மனுஷனின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஒன்பது வயது, எனக்கு ஐந்து. கிட்வாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதாக ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, வேறொருத்தியோடு ஜனக்புரிக்குக் குடிபோனார். எங்களிடம் மூச்சு விடவில்லை. பூட்டுப் போட ஆள் வந்தபோதுதான் அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது. கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை அப்படியே இறக்கி எடுத்துக்கொண்டு தெருவில் நின்றோம். அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அக்கா படித்து, மத்திய அரசு வேலையில் சேர்ந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் "ஜகந்நாதன் மேடம்" என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சுருங்கும். அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அத்தான் ராணுவத்தில் எல்லையில் இருந்த சமயம், மகன் குணாவைத் தனியாகப் பள்ளியில் சேர்க்கப் போனாள். அங்கிருந்தவர் இவளுடைய அடையாள அட்டையைப் பார்த்து, பையனுக்கும் ஜகந்நாதன் என்றே எழுதிவிட்டார். பள்ளிப் பதிவுதானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இவளும் விட்டுவிட்டாள். பெற்ற அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்க, குணா அந்த ஆளின் பெயரைச் சுமந்து வளர்ந்தான்.

இந்தப் பொங்கலுக்கு மறுநாள் குணாவுக்குப் பெண் பிறந்தது.

"அந்தாளோட பேரு உன்னோட நிக்கட்டும்டா. கொழந்தைக்கு நம்ம வழக்கப்படி உன் பேரைப் போடு" என்று ஆஸ்பத்திரியிலேயே அக்கா கெஞ்சினாள்.

"அச்சா, பாக்கலாம்மா" என்றவன், மூன்றாம் நாள் ஜகந்நாதன் என்றே பதிந்துவிட்டான். கேட்டதற்கு, "கனடா போறோம், எல்லா பேப்பரும் மேட்ச் ஆகணும். வெறும் பேருக்கு ஏம்மா இவ்ளோ டிராமா?" என்றான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காவும் கூடப் போவதாக ஏற்பாடு.

வெறும் பேராம். தெருவில் நின்றது இவனா? எனக்கு அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

ஆபீசில் அடுத்தவர்களின் பெயர் மாற்றக் கோப்புகளைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அக்கா. பிரமாணப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், அரசிதழ் என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினாள். ஹம்சா ஜகந்நாதன் இனி ஹம்சா மட்டும் என்று அரசிதழில் வந்தது. ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் மாற்றிய பிறகுதான் அவற்றை மகன் முன்னால் வைத்தாள்.

குணாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னோட எல்லா பேப்பர்லயும் அம்மா பேரு ஹம்சா ஜகந்நாதன்னு இருக்கு. இப்ப உன் பேப்பர் என்னோடதோட மேட்ச் ஆகாதே! விசாவுக்கு நீ என் அம்மான்னு எப்படிக் காட்டறது?"

"ஆகாது."

"வேணும்னே பண்ணியா?"

"வேணும்னேதான். கொழந்தை பேரை மாத்து, உன்னோடதையும் திருத்து. அப்புறம் நான் வரேன். இல்லேன்னா ஜனக்புரிக்குப் போய் உன் தாத்தாவைக் கூட்டிண்டு போ, அவர் பாத்துப்பார் உன் கொழந்தைய."