தம்பானூர் ஸ்டாண்டில் ஒரு பேட்டரித் திருடன்

நாகர்கோவில் ரயில் நெய்யாற்றின்கரையைத் தாண்டும்போது கைப்பேசி அடித்தது. பேசியவர் தங்கராஜ், ஸ்டெல்லா அக்காவின் கொழுந்தன். "அண்ணாச்சி, எங்க மதினி போயிட்டாவ. காலம்பற நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தாவ" என்றார். நான் நம்பவில்லை. எமதர்மன் எருமையில் வந்திருந்தால், "எருமைக்கு டோக்கன் கெடையாது ஓய், வெளிய கட்டும்" என்றல்லவா அக்கா திருப்பி அனுப்பியிருப்பார்! என் வண்டி அப்போது அவருடைய பைக் ஸ்டாண்டில்தான் நின்றது. அவர் கையால் எழுதிய டோக்கன் என் சட்டைப் பையில் இருந்தது.

தம்பானூரில் வண்டி விட்டு ஊருக்குப் போகும் ஓட்டல்காரர்களே, கொத்தனார்களே, கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் பிள்ளைகளே, உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாத பாவிகளுக்காகச் சொல்கிறேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் தகரக் கூரை போட்ட பைக் ஸ்டாண்டு. அதன் சக்கரவர்த்தினி மார்த்தாண்டத்துக்காரரான ஸ்டெல்லா. என்னைவிட நாலு வயது இளையவர்தான். இருந்தாலும் எனக்கும் அக்கா. அந்த ஸ்டாண்டில் அது உறவு இல்லை, பதவி.

அங்கே ஒரு சடங்கு உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் வண்டி விடுகிறவர் அக்கா முன்னால் ஹார்ன் அடித்துக் காட்ட வேண்டும். காலை ரயில் நேரத்தில் போய் நின்றால் பூரத்து யானைகள் எல்லாம் ஒன்றாகப் பிளிறுவதுபோல் இருக்கும். அக்கா கண்ணை மூடிக் கேட்பார். "இதுக்குச் சளி பிடிச்சிருக்கு, பத்து நாள் தாங்காது" என்பார். அல்லது "கணீர்" என்று டோக்கனில் எழுதுவார். திரும்பி வருகிறவன் வண்டி எழும்பாவிட்டால் அவன் வாயில் முதலில் வருவது "பேட்டரிய மாத்திட்டாங்க" என்பதுதானே! அந்தப் பழிக்குத்தான் இந்த முன்ஜாமீன்.

அந்த முன்ஜாமீனையே அவர் கழுத்துக்குக் கயிறாக்கிய மகாபாவி நான்.

நான் பாத்திரக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் பாதி நாள் திருநெல்வேலிப் பக்கம். அப்போது கிக்கர்கூட இல்லாத புத்தம்புது பைக் ஒன்று வாங்கியிருந்தேன். மூன்று உலகத்திலும் அப்படி ஒரு சிவப்பு கிடையாது. "ஸ்டாண்டுல விட்டா பேட்டரிய உருவிருவானுவ" என்று என் மைத்துனன் ஓதினான். உடனே ஒரு திருட்டு அலாரம் மாட்டினேன். வண்டியில் ஈ உட்கார்ந்தால் கொல்லம் வரை கேட்கும். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருப் பூனைகளில் பாதி வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தன. அதுவும் போதாதென்று பேட்டரியின் தலையில் ஆணியால் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறினேன். அக்கா முன்னால் ஹார்ன் அடித்தேன். "கணீர்" என்று எழுதித் தந்தார்.

இருபது நாள் கழித்து வந்து பொத்தானை அழுத்தினால், வண்டி பிணம். கொல்லம் வரை கேட்கும் அலாரம் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

கூட்டம் கூட்டுவதில் எனக்கு ஈடு யார்? "எம்மா ஸ்டெல்லா! இந்தா ஒன் கையெழுத்து. கணீர்னு நீயே எழுதியிருக்க. அந்தப் பேட்டரி எங்க?" என்று டோக்கனை ஆட்டிக் கத்தினேன். இடத்துக்காரரான, ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார் மாஷ் அப்போது பார்த்து அங்கே நின்றார். இன்னொரு திருட்டுப் புகார் வந்தால் ஸ்டாண்டைப் பூட்டுவேன் என்று முன்பே சொல்லியிருந்தவர். "ஸ்டெல்லே, ஞான் பறஞ்ஞதல்லே?" என்று மலையாளத்தில் நினைவூட்டினார். அவ்வளவுதான். அக்காவின் முகம் ஒரு நொடி வெளுத்ததைப் பார்த்தேன். கணவர் போனபின் இரண்டு மகள்களைப் படிக்க வைத்தது அந்தத் தகரக் கூரைதான்.

அக்கா கத்தவில்லை. சீட்டைத் திறந்தார். "இந்த ஆணிக் கீறலு யாரு கைவேலை?"

"என்னுதுதான்."

"அப்ப பேட்டரியும் ஒம்மதுதான?"

மானம் போகிற நேரத்தில் மனிதனுக்கு எப்படியெல்லாம் மூளை வேலை செய்கிறது! "பெட்டி என்னுதுதான். உள்ள இருந்த கரண்டு எங்க? அதையில்லா உறிஞ்சிட்டிய!" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "சரி ஓய். கரண்டு போனது நெசந்தான். எடுத்தவன் யாருன்னு பாத்துருவோம்" என்றார். அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "பேட்டரி செத்தவன். செத்தவன்கிட்ட என்ன விசாரணை? கொன்னவனத் தேடணும்." அன்று அதைச் செய்து காட்டினார்.

தன் சொந்த ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றினார். பேட்டரி திருடி என்று நான் பட்டம் கட்டிய பெண், ஊர் பார்க்கத் தன் பேட்டரியை என் வண்டியில் மாட்டினார்! பொத்தானைத் தொட்டதும் வண்டி உறுமியது. கரண்டு அளக்கும் கைமீட்டர் ஒன்றின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்து, "முறுக்கும்" என்றார். பதினாலே கால் வோல்ட் காட்டியது. "எஞ்சின் ஒழுங்காத்தான் பேட்டரிக்குச் சோறு போடுது. அந்தப் பக்கம் குத்தம் இல்ல."

பிறகு வண்டியை அணைத்துச் சாவியை என் கையில் கொடுத்தார். மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தார். வண்டி தூங்கும்போது கரண்டு ஏதும் நழுவினால் அது இப்போது மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். அலாரம் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. மீட்டரில் நாற்பது மில்லி ஆம்பியர்.

"சாவி ஒம்ம கையில. வண்டி தூங்குது. பெறவு யாருவே தின்னுதது?"

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நாற்பது அசையவில்லை. கடைசியாக, பேட்டரியிலிருந்து நேரே அலாரத்துக்குப் போன வயரைத் தொட்டார். பிடுங்கினார். நாற்பது சடாரென்று ஒன்றாக விழுந்தது. மறுபடி மாட்டினார்: நாற்பது. பிடுங்கினார்: ஒன்று. திருடனைப் பிடிக்க நான் வைத்த காவல்காரன், இராப்பகலாக உட்கார்ந்து என் பேட்டரியை நக்கித் தின்றிருக்கிறான்! அந்தச் சின்னப் பேட்டரிக்கு இருபது நாள் எதற்கு, ஒரு வாரமே போதும்.

"எந்தொரு கள்ளன்!" என்றார் மாஷ். அலாரத்தைப் பார்த்துச் சொன்னாரா, என்னைப் பார்த்தா என்பது இன்றுவரை விளங்கவில்லை. ஸ்டாண்டைப் பூட்டும் பேச்சை அதற்குப்பின் அவர் எடுக்கவே இல்லை.

நான் மெதுவாக, "மன்னிச்சிரு அக்கா" என்றேன். அக்கா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அவர் விடவில்லை. "காதுல ஓதாதீரும் அண்ணாச்சி. கத்துனது கூட்டத்துல. மீட்டரையும் கூட்டத்துலயே சத்தமா வாசியும்." மூன்று முறை வாசித்தேன், கோயில் வெடிவழிபாட்டைவிடச் சத்தமாக.

அன்று முதல் நான் அவருடைய பிரசார பீரங்கி. கழக்கூட்டத்துப் பையன் ஒருவன் இரண்டு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றி, மூன்றாவதையும் சாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். இழுத்து வந்தேன். "புதிய பேட்டரியாணு சேச்சி!" என்று அழாத குறை. அக்கா எஞ்சினை முறுக்கச் சொன்னார். மீட்டர் பன்னிரண்டைத் தாண்டவில்லை. "புதுசுன்னா பசிக்காதா மோனே? எஞ்சின் சோறு போடல்லலா." கருகிப்போன ஒரு கனெக்டரை மாற்றியதும் பதினாலு. அவன் காலில் விழப் போனான். "எந்திரிச்சு ஹார்ன் அடி" என்றார்.

அலாரம் உள்ள வண்டிக்கெல்லாம் மைனஸைக் கழற்றி வைப்பதும் என்னால் பிறந்த சட்டம். வரலாறு என்னை அதற்காகவாவது நினைக்கட்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்டாண்டுக்குப் போனேன். சீட்டைத் திறந்தேன். மைனஸ் வயர் அக்கா கழற்றிய நிலையிலேயே இருந்தது. எதிலும் உரசிவிடாமல் இருக்க நுனியில் அவர் சுற்றிய துணி. அதைப் பிரிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. மாட்டிப் பொத்தானைத் தொட்டேன். ஒரே தொடுதலில் எழுந்தது. யாரும் கேட்காமலே ஹார்ன் அடித்தேன். கணீர்.

"டோக்கன் அண்ணாச்சி?" என்றார் தங்கராஜ்.

"தொலஞ்சிட்டுப்பா."

அவர் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நோட்டை நீட்டினார். தொலைத்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சட்டைப் பையில் அந்த டோக்கன் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது: "12.6. மைனஸ் கழட்டியாச்சு. ஆளு வந்தா மாட்டச் சொல்லவும்."

அக்கா, அன்று கூட்டத்தில் நான் சொன்னது கடைசியில் உண்மையாகிவிட்டது. உங்கள் ஸ்டாண்டில் திருட்டு நடந்திருக்கிறது. எடுத்தவனைத் தேட மீட்டர் வேண்டாம். பேட்டரியின் தலையில் அவன் முதலெழுத்து ஆணியால் கீறியிருக்கிறது.